டாஹோ போய்வர ஒரு செஸ்னா 172: வழி, எடை, பெட்ரோல், செலவு

கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவிலிருந்து, மலைக்கு நடுவே ஏரிக்கரையில் இருக்கும் சவுத் லேக் டாஹோ போய், ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் காலையில் திரும்பி வந்தாயிற்று. போக 1.6 மணி, வர 1.8 மணி. பறந்த நேரம் இவ்வளவுதான். திட்டம் போட்ட நேரம் இதைவிடப் பல மடங்கு. சமவெளியில் பறந்து பழகிவிட்டு முதல்முறை மலை தாண்டப் போகிறவர்களுக்கு உதவும் என்று வரிசையாக எழுதி வைக்கிறேன்.

விமானம் எங்கள் விமானக் கிளப்பின் செஸ்னா 172 எஸ். நான்கு இருக்கை, 180 குதிரைத்திறன், பழைய பாணி முள் வைத்த அளவுமானிகள். கீழே வரும் எண்கள் எல்லாம் அந்த விமானத்தின் கையேட்டிலிருந்தும் அதன் எடைத் தாளிலிருந்தும் எடுத்தவை. உங்கள் விமானத்துக்கு அதன் கையேட்டைத்தான் பார்க்க வேண்டும்.

திரும்பி வருவதிலிருந்து தொடங்கினேன்

எங்கள் கிளப்பில் மலைப் பக்கம் போக வேண்டுமென்றால் ஒரு பயிற்றுநரோடு தனியாக மலைப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். அதில் கற்றதிலேயே எனக்கு மிகவும் பயன்பட்டது ஒன்றுதான்: திரும்பி வரும்போது மலை ஊரிலிருந்து மேலே ஏறுவதை முதலில் கணக்குப் போடு. அது தேறினால்தான் மற்றதெல்லாம்.

காரணம் எளிது. பாலோ ஆல்டோ ஓடுதளம் கடல் மட்டத்திலிருந்து 7 அடி உயரத்தில் இருக்கிறது. டாஹோ ஓடுதளம் கிட்டத்தட்ட 6,270 அடியில். அங்கே காற்று மெலிந்திருக்கும். இன்ஜினுக்கும் அது குறைவு, இறக்கைக்கும் குறைவு. வெயில் ஏறினால் இன்னும் மெலியும். இதை ஒரே எண்ணாகச் சொல்வதுதான் டென்சிட்டி ஆல்ட்டிட்யூட்: விமானம் எந்த உயரத்தில் இருப்பதாக உணர்கிறது என்ற கணக்கு. கைக்கணக்கு இப்படி: அந்த உயரத்துக்கு உரிய இயல்பான வெப்பநிலையைவிட எத்தனை டிகிரி செல்சியஸ் கூடுதலோ, அதை 120 ஆல் பெருக்கி உயரத்தோடு கூட்டினால் போதும்.

டாஹோ உயரத்துக்கு இயல்பு 2.6 டிகிரி. காலையில் 12 டிகிரி இருந்தால் கணக்கு சுமார் 7,400 அடி. மதியம் 28 டிகிரி ஆனால் 9,300 அடி. அதே ஓடுதளம், அதே விமானம், ஐந்தாறு மணி நேர இடைவெளியில் இன்னும் 1,900 அடி மேலே போய்விடுகிறது.

சரி, அதனால் ஏறும் வேகம் எவ்வளவு குறைகிறது? இதைப் பார்த்தபோது எனக்கு ஆச்சரியம். முழு எடையான 2,550 பவுண்டில் காலையில் நிமிடத்துக்குச் சுமார் 460 அடி, மதியம் சுமார் 410 அடி. வெப்பத்தால் போவது 50 அடிதான். மதியம் புறப்படாதே என்று எல்லோரும் சொல்வதற்கு வெயிலைவிடப் பெரிய காரணம் காற்று. கோடைக்காலத்தில் பிற்பகல் ஆனால் மலை மேலிருந்து தென்மேற்குக் காற்று இறங்கிவரும். டாஹோ ஓடுதளம் தெற்கு வடக்காக இருக்கிறது. வடக்கே ஏரி, தெற்கே மலை. வடக்கு நோக்கிப் புறப்பட்டால் முன்னால் பரந்த தண்ணீர், சுற்றிச் சுற்றி உயரம் ஏற இடம் உண்டு. பிற்பகல் காற்றை எதிர்கொள்வதற்காகத் தெற்கு நோக்கிப் புறப்பட்டால் முன்னால் ஏறிக்கொண்டே போகும் தரை. முகட்டிலிருந்து கீழே கொட்டும் காற்று நிமிடத்துக்கு 500 அடி இழுத்தால், கையேடு கொடுத்த 410 அடி மொத்தமும் போய்விடும். ஆகவே முதல் முடிவு: டாஹோவிலிருந்து காலை 9.30-க்குள் சக்கரம் தரையை விட்டிருக்க வேண்டும், வடக்கு நோக்கி, ஏரியின் மேல்.

இதிலிருந்து ஒரு நாள் பயணம் இரண்டு நாள் பயணமாக மாறிற்று. காலையில் போய் மாலையில் திரும்புவது என்பது தாளிலேயே அடிபட்டுப் போனது.

எடை

ஊரிலிருந்து மாமாவும் அத்தையும் வந்திருந்தார்கள். அவர்களும் நாங்கள் இருவருமாக நான்கு பேர் போவது என்று முதலில் நினைத்தோம். நான்கு இருக்கை விமானம்தானே என்று யாருக்கும் தோன்றும்.

குளியலறைத் தராசைக் கூடத்துக்குக் கொண்டுவந்து வைத்தேன். மாமா ஏறி நின்று எண்ணைப் பார்த்துவிட்டு, “என்ன மாப்பிள்ளை, 176 காட்டுது?” என்றார். “பவுண்டு மாமா. கிலோவுல 80.” அத்தை ஏறுவதற்கு முன் ஒன்று கேட்டார்: “செருப்பு, கைப்பை எல்லாத்தோடயும் நிக்கணுமா?” அதுதான் சரியான கேள்வி. விமானத்தில் ஏறும்போது எப்படி இருப்போமோ அப்படியேதான் தராசிலும் நிற்க வேண்டும். ஸ்வெட்டர், செருப்பு, கைப்பை, அதற்குள் இருக்கும் தண்ணீர் பாட்டில், எல்லாம் சேர்த்து. அத்தை 140. நான் 168, என் மனைவி 132.

விமானத்தின் வெற்று எடை 1,690 பவுண்டு. நான்கு பேர் 616. பைகள் 40. இரண்டு டேங்கும் நிரம்பினால் பயன்படுத்தக்கூடிய பெட்ரோல் 53 கேலன், கேலனுக்கு 6 பவுண்டு வீதம் 318. மொத்தம் 2,664. அனுமதி 2,550. நூற்றுப் பதினாலு பவுண்டு அதிகம்.

பெட்ரோலைக் குறைத்துப் பார்த்தேன். 34 கேலன் போட்டால் சரியாக 2,550-இல் நிற்கிறது. போக 15 கேலன் செலவாகும் என்று வைத்தால் டாஹோவில் 19 மிஞ்சும். திரும்ப 16 வேண்டும். மிஞ்சுவது 3 கேலன், இருபது நிமிடம்கூடத் தேறாது. பகல் பறத்தலுக்குச் சட்டம் கேட்பதே 30 நிமிடக் கையிருப்பு. நான் எனக்கென்று வைத்திருப்பது ஒரு மணி நேரம். டாஹோவில் பெட்ரோல் போட்டுக்கொள்ளலாம், ஆனால் எடை குறைவாக இருக்க வேண்டிய இடத்தில் போய் எடை ஏற்றுவதாகிவிடும். நான்கு பேர் என்பது எந்தப் பக்கம் திருப்பினாலும் தேறவில்லை.

பாலோ ஆல்டோவும் இதையே சொன்னது. அங்கே ஓடுதளம் 2,443 அடிதான். முழு எடையில், 20 டிகிரியில், 50 அடி உயரம் தாண்டக் கையேடு சொல்லும் தூரம் சுமார் 1,700 அடி. கையேட்டு எண் புது விமானத்தைச் சோதனை விமானி ஓட்டியபோது கிடைத்தது என்பதால் அதை ஒன்றரையால் பெருக்குவது என் வழக்கம். 2,550 அடி வருகிறது. ஓடுதளம் அதைவிடக் குட்டை.

மனைவியே தீர்வு சொன்னாள். அவளும் மகளும் பைகளோடு காரில் போவது, மாமாவும் அத்தையும் என்னோடு பறப்பது. கார் வழி 200 மைல், நான்கு மணி நேரம். மேலிருந்து ஏரியைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டவர்கள் அவர்கள் இருவரும்தான், ஆகவே யாருக்கும் வருத்தமில்லை.

புதுக் கணக்கு: விமானம் 1,690, மூன்று பேர் 484, பின்னால் ஒரு சின்னப் பை 20, பெட்ரோல் 42 கேலன் 252. மொத்தம் 2,446. ஈர்ப்பு மையம் பார்க்க ஒவ்வொரு எடையையும், கையேடு குறித்திருக்கும் ஒரு புள்ளியிலிருந்து அதன் தூரத்தால் பெருக்கிக் கூட்ட வேண்டும். முன் இருக்கை 37 அங்குலம், பின் இருக்கை 73, பை வைக்கும் இடம் 95, டேங்க் 48. எங்கள் விமானத்தின் வெற்று மையம் 40. கூட்டி வகுத்தால் 42.7 வருகிறது, எல்லைக்குள் நடுவாக. டாஹோவிலிருந்து புறப்படும்போது 27 கேலன் மிஞ்சியிருக்கும், எடை 2,356, மையம் 42.5. முழு எடையைவிட ஏறக்குறைய 200 பவுண்டு குறைவு. டாஹோவில் பெட்ரோல் போடவே வேண்டாம். பாலோ ஆல்டோவில் 50 அடி தாண்டும் தூரம் 1,550 ஆகக் குறைந்தது. ஒன்றரை மடங்கு 2,325. ஓடுதளத்துக்குள் அடங்கிவிட்டது. இந்த ஒரு தாள் சரியாக வந்த பிறகுதான் வரைபடத்தை விரித்தேன்.

42 கேலனை எப்படி அளந்து போடுவது

இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனால் நேரத்தைத் தின்றது. எங்கள் கிளப்பில் பறந்து முடித்தவர் டேங்கை நிரப்பிவிட்டுப் போவது வழக்கம். நிரம்பிய டேங்கிலிருந்து பெட்ரோலை எடுப்பது சுலபமான வேலை இல்லை. அதனால் முந்தின நாள் மாலை விமானத்தை எடுத்திருந்தவரிடம் பேசி, நிரப்ப வேண்டாம், அப்படியே விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். முன்பதிவுக் குறிப்பிலும் எழுதி வைத்தேன்.

172 எஸ்-இன் டேங்க் வாய்க்குள் ஒரு தகடு தொங்கும். அதன் அடி விளிம்பு வரை போட்டால் பக்கத்துக்கு 17.5 கேலன், இரண்டும் சேர்ந்து 35. அதற்கு மேல் பக்கத்துக்கு 3.5 போட வேண்டும். பெட்ரோல் வண்டிக்காரரிடம் “தகடு வரை போட்டுவிட்டு, மீட்டரைப் பார்த்து மூன்றரை” என்று சொன்னேன். பிறகு ஏணியில் ஏறி, கிளப் அளவு குறித்து வைத்திருக்கும் கண்ணாடிக் குழாயை டேங்கின் அடி வரை இறக்கி, மேல் நுனியை விரலால் மூடித் தூக்கினேன். குழாயில் நீலப் பெட்ரோல் 21 கோட்டில் நின்றது. இன்னொரு பக்கமும் பார்த்தேன், மயிரிழை குறைவு. விமானம் சமதரையில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் இந்த அளவு பொய் சொல்லும்.

வழி

பாலோ ஆல்டோவிலிருந்து டாஹோவுக்கு நேர்கோடு போட்டால் 132 கடல் மைல். கோட்டின் கடைசிப் பகுதி சாலையே இல்லாத காட்டு மலைக்கு மேல் போகிறது. இன்ஜின் நின்றால் இறங்க இடம் இல்லை, வழி அடையாளம் பார்க்கவும் ஒன்றும் இல்லை. மலையடிவார ஊரான பிளாசர்வில் வழியாகப் போய், அங்கிருந்து 50-ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்துப் போனால் 136 கடல் மைல். நான்கு மைல்தான் கூடுதல், இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்துக்குப் பிளாசர்வில்லில் ஒரு விமான நிலையம் கிடைக்கிறது, அப்புறம் மலை முழுக்கக் கீழே ஒரு சாலை கூடவே வருகிறது. யோசிக்கவே இல்லை.

முழு வழியும் சான் ஃபிரான்சிஸ்கோ செக்‌ஷனல் என்ற ஒரே வரைபடத்துக்குள் வருகிறது. டேப்லெட் செயலியில் கோடு போட்டால் எல்லாக் கணக்கும் தானாக வரும். நானும் பறக்கும்போது அதைத்தான் பார்க்கிறேன். ஆனால் முதல்முறை போகும் வழியைக் காகிதத்தில் பென்சிலால் போடுவதை விடமாட்டேன். கோணமானியை வைத்து அளக்கும்போது கோட்டின் இரண்டு பக்கமும் என்ன இருக்கிறது என்பது மனதில் பதிகிறது. செயலியில் விரலால் இழுத்தால் பதிவதில்லை.

முதல் துண்டு பிளாசர்வில் வரை 99 மைல், திசை உண்மை வடக்கிலிருந்து 40 டிகிரி. இரண்டாம் துண்டு 37 மைல், 74 டிகிரி. இங்கே காந்த ஊசி சுமார் 13 டிகிரி கிழக்கே விலகி நிற்கும் என்பதால் அதைக் கழித்து 27, 61.

அடையாளங்களைத் தேர்ந்தெடுப்பதில்தான் எனக்குப் பிடித்த வேலை இருக்கிறது. டம்பார்டன் பாலம், லிவர்மோர், இடப்பக்கம் 3,849 அடி டயாப்ளோ மலை, அப்புறம் டெல்டாவின் கால்வாய்கள். டெல்டா தாண்டி லோடி திராட்சைத் தோட்டங்கள் வந்தால் எல்லா வயலும் ஒன்றுபோலத் தெரியும். அங்கே பலர் வழியைத் தவறவிடுவார்கள். அந்த இடத்துக்கு ஒரு அருமையான அடையாளம் உண்டு: ராஞ்சோ செகோ. மக்கள் வாக்கெடுப்பால் 1989-இல் மூடப்பட்ட அணுமின் நிலையம். அதன் இரண்டு குளிர்விப்புக் கோபுரங்களும் 425 அடி உயரம், இன்னும் நிற்கின்றன, சமவெளியில் வெகுதூரத்திலிருந்தே தெரியும். புறப்பட்ட இடத்திலிருந்து 70 மைலுக்குச் சற்று மேல், வலப்பக்கம் இரண்டு மைல் அளவு தள்ளி வரவேண்டும். வராவிட்டால் எதையோ சரிபார்க்க வேண்டும் என்று பொருள்.

உயரம், காற்று

அமெரிக்காவில் தரையிலிருந்து 3,000 அடிக்கு மேல் கண்பார்வை விதிகளில் பறக்கும்போது, கிழக்குப் பக்கம் போனால் ஒற்றைப்படை ஆயிரத்தோடு 500, மேற்கே வந்தால் இரட்டைப்படை ஆயிரத்தோடு 500. மலையைத் தாண்டும் இடம் எக்கோ சம்மிட், 7,382 அடி. 7,500 என்பது பேச்சுக்கே இடமில்லை. போக 9,500, வர 10,500 என்று வைத்தேன். 9,500-இல் கணவாய்க்கு மேல் 2,100 அடி இடைவெளி இருக்கிறது. சுற்றியுள்ள சிகரங்கள் இதைவிட உயரம்: வடக்கே பிரமிட் பீக் 9,983 அடி, விமான நிலையத்துக்குத் தென்கிழக்கே ஃப்ரீல் பீக் 10,881 அடி. அதனால் மேகம் தாழ்ந்திருந்தால் போகவே கூடாது.

திரும்பும்போது 6,270-இலிருந்து 10,500 வரை ஏற வேண்டும். சராசரி 350 அடி வீதம் என்றால் 12 நிமிடம். அந்தப் 12 நிமிடத்தையும் ஏரியின் மேலேயே வட்டமடித்துச் செலவழித்துவிட்டு, உயரம் கைக்கு வந்த பிறகே கணவாய்ப் பக்கம் திரும்புவது. ஏறிக்கொண்டே மலையை நெருங்குவது கூடாது. முகட்டை நேராக நெருங்காமல் 45 டிகிரி சாய்வாக நெருங்கினால், காற்று கீழே அழுத்தும்போது சட்டென்று தாழ்ந்த நிலத்தின் பக்கம் திரும்பிவிடலாம்.

காற்றுக் கணிப்பைச் சாக்ரமென்டோவுக்கும் ரீனோவுக்கும் பார்த்தேன். மேல் காற்றுக் கணிப்பில் வரும் திசை உண்மை வடக்கிலிருந்து; ஓடுதளத்தில் சொல்லும் காற்று காந்த வடக்கிலிருந்து. பென்சில் கணக்குப் போடுகிறவர்கள் இதை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வது நல்லது, 13 டிகிரி என்பது சின்ன வித்தியாசம் இல்லை. போகும் நாளுக்கு 9,000 அடியில் 240 திசையிலிருந்து 12 நாட் (நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்). விமானத்தின் வேகம் 112 நாட் என்று வைத்தால் பின்காற்றோடு தரைவேகம் 123. ஏறும் நேரத்தைத் தனியாகப் போட வேண்டும்: 20 நிமிடம், 30 மைல், 4 கேலனுக்கு மேல். அதையும் சேர்த்து ராஞ்சோ செகோவுக்கு 41 நிமிடம், பிளாசர்வில்லுக்கு 54, டாஹோவுக்கு 72, இறங்க 5.

போகாமல் இருப்பதற்கான எண்கள்

காலையில் எல்லோரும் தயாராக நிற்கும்போது போகலாமா வேண்டாமா என்று யோசித்தால் மனம் போகலாம் பக்கமே சாயும். அதனால் முந்தின வாரமே ஒரு அட்டையில் எழுதிவிட்டேன். மலை முகட்டு உயரத்தில் காற்று 20 நாட்டுக்கு மேல் என்றால் இல்லை (பொதுவாகச் சொல்லும் எல்லை 25, நான் புதியவன், பயணிகள் வேறு). டாஹோவில் பார்வைத்தூரம் 10 மைலுக்குக் குறைவென்றால் இல்லை. பிளாசர்வில் வரும்போது 9,500 அடி எட்டவில்லை என்றால் திரும்பு. திரும்பி வருகையில், டாஹோவில் இன்ஜின் தொடங்கி 50 நிமிடத்துக்குள் பிளாசர்வில் வராவிட்டால் அங்கே இறங்கிப் பெட்ரோல் போடு. பெட்ரோல் முள்ளை நம்பாமல் கடிகாரத்தை வைத்து எழுதியதற்குக் காரணம், முள் ஆடும், கடிகாரம் ஆடாது.

முதலில் குறித்த தேதி இந்த அட்டையால்தான் ரத்தானது. சாக்ரமென்டோவுக்கு 9,000 அடியில் 34 நாட் என்று வந்தது. வானம் நீலமாக, மேகமே இல்லாமல் இருந்தது. கீழிருந்து பார்த்தால் அற்புதமான நாள். மாமா, “வெயில் நல்லா அடிக்குதே மாப்பிள்ளை” என்றார். அட்டையைக் காட்டினேன். ஒரு நிமிடம் படித்துவிட்டு, “எழுதினது எழுதினதுதான்” என்று சொல்லிக் காரில் ஏறிவிட்டார். அடுத்த தேதிக்கு எடைத்தாள், வழித்தாள் எதையும் மாற்றவில்லை. காற்றை மட்டும் புதிதாகப் போட்டேன்.

கோடையில் இன்னொன்று பார்க்க வேண்டும்: காட்டுத்தீ. தீயணைப்பு விமானங்கள் வேலை செய்யும் இடத்தைச் சுற்றி வான்வெளியை மூடிவிடுவார்கள், அந்தத் தடை காலைக்குள் புதிதாக முளைக்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய கால்டர் தீ இதே 50-ஆம் எண் சாலையை ஒட்டி எரிந்து, எக்கோ சம்மிட்டைத் தாண்டி, சவுத் லேக் டாஹோ ஊரையே காலி செய்ய வைத்தது. புறப்படுவதற்குக் கடைசி அரைமணியிலும் தடை அறிவிப்புகளைத் திரும்பப் பார்த்தேன்.

இவ்வளவுக்கும் பிறகு விமானப் பயணத் திட்டத்தைப் பதிவு செய்தேன். இறங்கியதும் அதை முடித்துவைக்க மறக்கக் கூடாது. சொன்ன நேரம் தாண்டி அரைமணிக்குள் முடிக்காவிட்டால் தேட ஆரம்பித்துவிடுவார்கள். காரில் முன்னே போன மனைவியிடமும் நேரம் சொல்லி வைத்தேன்.

போனது

புறப்பாட்டில் தரையோட்டம் கணக்கோடு ஒத்துப்போயிற்று. மேலே சான் ஃபிரான்சிஸ்கோவின் வான்வெளி, தெற்கே சான் ஹோசே என்று முதல் பத்து நிமிடம் ரேடியோவிலேயே போகும்; பயணிகளிடம் அதுவரை பேச முடியாது என்று முன்பே சொல்லியிருந்தேன். ஏறும்போது காது அடைக்காமல் இருக்க ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தேன். ராஞ்சோ செகோ 43-ஆவது நிமிடத்தில் வலப்பக்கம் வந்தது. பிளாசர்வில் 56. உயரம் 9,500, அட்டை சரி என்றது.

பிளாசர்வில் தாண்டியதும் மாமாவின் விரலில், ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆக்சிமீட்டரை மாட்டினேன். இந்த உயரத்துக்குச் சட்டப்படி ஆக்சிஜன் தேவையில்லை. ஆனால் இருவரும் அறுபது தாண்டியவர்கள், மாமா ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்; மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் அழைத்து வந்தேன். 90-க்குக் கீழே போனால் இறங்கிவிடுவது என்று வைத்திருந்தேன். அவருக்கு 91, அத்தைக்கு 92.

கால்டர் எரித்த காடு இரண்டு பக்கமும் வந்தது. மலைச்சரிவு முழுக்க இலையில்லாத கறுத்த மரங்கள், நடுவில் நெடுஞ்சாலை. “இவ்வளவுமா எரிஞ்சது?” என்று அத்தை கேட்டார். கணவாய் தாண்டியதும் ஏரி முழுதாகத் திறந்தது.

இங்கே ஒன்று திட்டத்தில் குறைவாக இருந்தது. எக்கோ சம்மிட்டிலிருந்து விமான நிலையம் ஐந்து மைல்தான். 9,500-இலிருந்து, இறங்குமுன் ஓடுதளத்தைச் சுற்றிவரும் உயரமான 7,300-க்கு அந்தத் தூரத்தில் இறங்க வேண்டுமென்றால் நிமிடத்துக்கு 800 அடிக்கு மேல் இறங்க வேண்டும். வயதானவர்களின் காது தாங்காது. நிலையத்தைத் தாண்டி ஏரியின் மேல் போய், நிமிடத்துக்கு 400 அடியாக இறங்கி, வடக்கிலிருந்து வந்து இறங்கினேன். இறங்குவதற்கு 5 நிமிடம் என்று எழுதியிருந்தேன், 9 ஆயிற்று.

திரும்பியது

காலை 8.30. வெப்பநிலை 11 டிகிரி, காற்று இல்லை. 3,000 அடிக்கு மேலுள்ள ஓடுதளங்களில் புறப்படும் முன் மிக்ஸ்சரை, அதாவது காற்றோடு கலக்கும் பெட்ரோலின் அளவை, குறைக்க வேண்டும். பெட்ரோல் அப்படியே போனால் மெலிந்த காற்றுக்கு அது அதிகம், இன்ஜின் முழு வலு காட்டாது. பிரேக்கை அழுத்திப் பிடித்து, த்ராட்டிலை முழுதாகத் திறந்து, சிவப்புக் குமிழை மெல்ல வெளியே இழுத்தேன். ஆர்பிஎம் முள் ஏறி, ஓரிடத்தில் நின்று, இறங்கத் தொடங்கியது. உச்சிக்குத் திருப்பி வைத்து, பிரேக்கை விட்டேன். ஓடுதளம் 8,500 அடிக்கு மேல், எடை குறைவு, பாதியை எட்டுவதற்குள்ளேயே சக்கரம் தரையை விட்டது. ஆனால் ஏறும் வேகம் பாலோ ஆல்டோவில் பழகியவருக்கு மெதுவாகத் தெரியும். மூக்கைத் தூக்கத் தோன்றும். தூக்காமல், கையேடு சொன்ன வேகத்தைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஏரியின் மேல் இரண்டு பெரிய வட்டம், 13 நிமிடம், 10,500. பிளாசர்வில் 45-ஆவது நிமிடத்தில் வந்தது, இறங்கத் தேவைப்படவில்லை. எதிர்க்காற்று 15 நாட் இருந்ததால் சமவெளியில் தரைவேகம் நூறைத் தொடவில்லை.

அளந்தது, செலவு

பாலோ ஆல்டோவில் டேங்கை நிரப்பியபோது 41.6 கேலன் பிடித்தது. ஆக மிஞ்சியிருந்தது 11.4, எரிந்தது 30.6. திட்டம் 31. மணிக்குச் சுமார் 9 கேலன் ஆகிறது; 9.5 என்று நான் வைத்திருக்கும் கணக்கு இந்த விமானத்துக்குப் போதும்.

பெட்ரோலோடு சேர்த்து மணிக்கு 195 டாலர் வாடகை, 3.4 மணிக்கு 663 டாலர். பயணத்துக்கென்று வாங்கியவை: ஆக்சிமீட்டர் 25 டாலர், பையைத் தூக்கி எடை பார்க்கும் கைத்தராசு 12 டாலர், காகித வரைபடம் பத்து டாலர் சொச்சம். மலைப் பயிற்சிக்கு ஆன செலவு தனி; விமான வாடகையும் பயிற்றுநர் கட்டணமும் சேர்ந்து இந்தப் பயணத்தைவிட அதிகம். அதைக் குறைக்க வழி தேட வேண்டாம் என்பது என் கருத்து. இந்தத் திட்டத்தின் முதல் வரியே அங்கிருந்து வந்ததுதான்.

அடுத்த முறை

இறங்குவதற்கு 10 நிமிடமும், அதற்குரிய ஒன்றரை கேலனும் சேர்த்து எழுதுவேன். அதைச் சமாளிக்க 44 கேலன் போடுவேன். எடையில் 12 பவுண்டுதான் கூடும், ஓடுதளக் கணக்கு இன்னும் தேறுகிறது. பெட்ரோல் விஷயத்தை ஒருவரின் தயவில் விடாமல், முந்தின மாலை விமானத்தையும் என் பெயரிலேயே பதிவு செய்து நானே டேங்கை அளந்து வைப்பேன். சிறு விமானத்தில் முதல்முறை ஏறுகிறவர்களை நேராக டாஹோவுக்கு அழைத்துப் போகமாட்டேன். முதலில் மலையடிவாரத்தில் 2,120 அடியில் இருக்கும் கொலம்பியாவுக்குப் போய் மதியச் சாப்பாடு சாப்பிட்டு வருவோம். அத்தைக்கு ஏறும்போது வயிறு கொஞ்சம் புரட்டியது, மிட்டாயால் சமாளித்தார். காகிதப் பை ஒன்று அவர் கைக்கெட்டும் இடத்தில் இருந்திருக்க வேண்டும். பின் இருக்கைப் பைக்குள் இப்போது இரண்டு வைத்திருக்கிறேன்.